கிராம உபதேசியார்களும் வேத வாசிப்புப் பயிற்சியும் – ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் வீரமாமுனிவரையும் சீகன்பால்குவையும் இரேனியுசையும் கால்டுவெல்லையும் தவறாது குறிப்பிடுவர். அச்சுப்பொறி வந்த கதை, அகராதி தோன்றிய கதை, திருமறை மொழிபெயர்க்கப்பட்ட கதை ஆகியவை பல நூல்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. ஆனால் அச்சான அந்த உரைநடையை எழுத்தறியாத சிற்றூர் மக்களின் செவிக்குக் கொண்டு சேர்த்தவர் யார் என்னும் வினாவை இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் எழுப்பியதில்லை. வாரந்தோறும் ஒரு கூரைக் கொட்டகையில் நின்று நூலைத் திறந்து வாசித்து, அதற்குப் பொருள் சொன்ன கிராம உபதேசியாரே அவர். அவருக்கு வாசிக்கக் கற்பித்தவர் யார்? எப்படிக் கற்பித்தனர்? பொருள் கொள்ளும் உரிமை அவருக்கு எந்த அளவுக்கு வழங்கப்பட்டது? இம்மூன்று வினாக்களையும் ஒரு சமயத்தாரின் உள் விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு நூலை மக்கள் எவ்வாறு தமதாக்கிக் கொள்கின்றனர் என்பதை அறிய விழையும் எவருக்கும் இவை பயன் தரக்கூடியவை. எனவே இக்கட்டுரை அவற்றை இயன்ற அளவு ஆராய முற்படுகிறது.

பெயர்களில் பொதிந்த வரலாறு

இப்பணியாளரைச் சுட்டும் சொற்களே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. கத்தோலிக்க மரபில் அவர் ‘வேதியர்’ அல்லது ‘உபதேசியார்’ எனப்பட்டார். சீர்திருத்தச் சபையினர் ‘உபதேசியார்’ என்னும் சொல்லைப் பொதுவாக வழங்கினர். குருப்பட்டம் பெற்றவர் ‘ஐயர்’ எனவும் ‘குருவானவர்’ எனவும் ‘போதகர்’ எனவும் அழைக்கப்பட்டார். பின்னர் ‘ஆயர்’ வந்தது. இன்று நகர்ப்புறத்தில் ‘பாஸ்டர்’ என்பதே பெருவழக்காயிற்று. வேதம் ஓதுபவர், உபதேசம் செய்பவர், போதிப்பவர், மேய்ப்பவர் என்று பெயர்கள் மாறிய போதும், ஒரு நூலின் முன் அமர்ந்து அதைப் படித்துணர்பவர் என்னும் பொருள் தரும் பெயர் ஒன்றும் அவருக்கு வாய்க்கவில்லை என்பது நோக்கத்தக்கது. சொல்பவராகவே அவர் கருதப்பட்டார். அவர் கற்பவரும் ஆவார் என்பது பின்னரே உணரப்பட்டது.

தரங்கம்பாடியும் ஏலாக்குறிச்சியும்

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவுடன் பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளுட்சோவும் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவருடன் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1708இல் தாம் தொகுத்த தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை ஒன்றை எழுதினார். அவ்வாண்டிலேயே தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது அச்சேறியது. 1716இல் சுதேசப் பணியாளர்களைப் பயிற்றுவதற்கென ஒரு பயிற்சிப்பள்ளியை நிறுவினார். 1719இல் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார்.

நூல் அச்சான மறு ஆண்டே பயிற்சிப்பள்ளி எழுந்தது. ஒவ்வொருவரும் திருமறையைத் தம் தாய்மொழியில் வாசிக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தாரின் கொள்கை. அக்கொள்கையில் வளர்ந்த சீகன்பால்குவுக்கு நூலும் அதனை வாசிப்பவரும் ஒன்றையொன்று வேண்டி நிற்பனவாகத் தோன்றியதில் வியப்பில்லை. அங்கே பயின்றோர் வினா விடை வடிவிலான ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்தனர். குறித்த காலங்களில் மிஷனரிமார் முன் வந்து தாம் சென்ற ஊர்களையும் பேசிய பொருள்களையும் அறிக்கையிட்டனர். இவ்வறிக்கைகளின் வழியே கிடைத்த செய்திகள் ஹாலே நகரில் அச்சான இதழ்களில் இடம்பெற்றன. பதினெட்டாம் நூற்றாண்டுச் சோழமண்டலச் சிற்றூர் வாழ்வை அறிய இன்று அவை அரிய சான்றுகளாக உள்ளன.

இதே காலத்தில் காவிரியின் வடகரைப் பகுதியில் ஏலாக்குறிச்சியைத் தம் பணிக்களமாகக் கொண்டிருந்தார் வீரமாமுனிவர். இவர் 1727ஆம் ஆண்டு ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். வேதியர் எவ்வாறு வாழ வேண்டும், எவ்வாறு பிறருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். சீகன்பால்குவின் மொழிநடையை வீரமாமுனிவர் கடுமையாகப் பழித்தார் என்பதும், இரு தரப்பாரும் மறுப்பு நூல்கள் எழுதிக்கொண்டனர் என்பதும் அறிந்த செய்திகளே. ஆயினும் சிற்றூர்ப் பணியாளருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பதில் இருவரும் ஒத்த கருத்தினராகவே இருந்துள்ளனர். தமிழ் உரைநடையின் தொடக்கக் கால ஆக்கங்களுள் ஒன்று கிராம உபதேசியாரின் பொருட்டு எழுதப்பட்டது என்பதைத் தமிழ் மாணவர் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆரோனும் இராசநாயக்கனும்

கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்பவர் 1718இல் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். உபதேசியாராகப் பல்லாண்டு உழைத்த பின்னர், 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையில் இந்தியர் ஒருவர் குருவானது அதுவே முதன்முறை. அவர் 1745இல் மறைந்தார்.

ஆரோனின் பெயரை நூல்கள் போற்றுகின்றன. அவர் காலத்தவரான இராசநாயக்கனின் பெயரோ அவ்வளவாக அறியப்படவில்லை. தஞ்சை அரசின் படையில் பணியாற்றிய இவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். கத்தோலிக்கராக இருந்த இவர் கையில் தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் தற்செயலாகக் கிடைத்தது. ஆர்வத்துடன் அதைப் படித்த அவர் ஓலையில் படியெடுக்கவும் தொடங்கினார் என்பர். பின்னர்த் தரங்கம்பாடிச் சபையைச் சேர்ந்து 1771இல் இறக்கும் வரை, நாற்பதாண்டுகளுக்கு மேல் உபதேசியாராகவே பணிபுரிந்தார். அவரைக் குருவாக்கலாமா என்னும் பேச்சு எழுந்தபோது, அவர் கையால் நற்கருணை பெற மேல்சாதிக் கிறித்தவர் உடன்படார் என்னும் தயக்கம் குறுக்கே நின்றது. 1741இல் இரண்டாவது சுதேசக் குருவாகத் தியோகு என்பவர் பட்டம் பெற்றார். இராசநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார்.

இங்கு நாம் சற்று நின்று எண்ண வேண்டும். எவர் உதவியுமின்றி நூலைத் தேடிப் படித்தவர், கையால் எழுதிக் கற்றவர், ஊர் ஊராகச் சென்று பொருள் சொன்னவர் ஒருவர். வாசிப்புக் கலையில் அவருக்கு இருந்த தகுதியை எவரும் மறுக்கவில்லை. எனினும் பயிற்சி வேறு, அதிகாரம் வேறு என்றாயிற்று. கிராமப் பணியாளர் பயிற்சியின் வரலாற்றில் இந்தப் பிளவு பின்னரும் பல வடிவங்களில் தொடர்வதைக் காண்கிறோம்.

கிளியும் ஆவும்

மாணாக்கரின் இயல்பைக் கூறும் நன்னூலார் அன்னத்தையும் ஆவையும் முதல் மாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கருக்கும் உவமையாக்குவார். கிளி கற்பித்ததை மட்டும் திருப்பிச் சொல்லும். ஆவோ புல் நிறைந்த இடத்தில் வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். கிராம உபதேசியார் பயிற்சியின் வரலாற்றை இவ்விரு உவமைகளுக்குள் அடக்கிவிடலாம் எனத் தோன்றுகிறது.

மனப்பாடமான வினா விடை, மேலிடத்திலிருந்து எழுதி அனுப்பப்பட்ட பிரசங்கம், ஆங்கில நூலின் மொழிபெயர்ப்பான விளக்கவுரை ஆகியவை கிளிப் பயிற்சியின் கருவிகள். இவற்றை முற்றிலும் இகழ்தல் நேர்மையன்று. எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் மனப்பாடமே கல்வியின் அடித்தளம். நம் திண்ணைப் பள்ளிகளும் அவ்வாறே நடந்தன. ஆனால் அடித்தளத்தோடு நின்றுவிட்ட கட்டடத்தில் குடியிருத்தல் இயலாது.

அசைபோடும் பயிற்சியின் இலக்கணம் யாது? ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதில் என்ன இருக்கிறது என்று முதலில் உற்று நோக்குவது, பின் அது தன் காலத்தில் என்ன பொருள் தந்தது என்று ஆராய்வது, அதன்பின் இன்றைய வாழ்வோடு பொருத்திக் காண்பது என மூன்று படிகளைக் கூறுவர் இக்காலப் பயிற்சியாளர். அமெரிக்காவில் உருவாகி, 1952இல் ராபர்ட் டிரெய்னா என்பார் எழுதிய நூலால் பரவலாக அறியப்பட்ட முறை இது. ஆனால் தமிழ் பயின்றோருக்கு இது முற்றிலும் புதிதன்று. ஒரு செய்யுளை அணுகும்போது கூற்று யாருடையது, கேட்போர் யார், களன் எது, காலம் எது, பயன் யாது என்று வினவ வேண்டும் என்பதைத் தொல்காப்பியச் செய்யுளியல் நமக்குக் கற்பிக்கிறது. பாடம், சொற்பொருள், உதாரணம், வினா, விடை என உரையின் கூறுகளைப் பதினான்காக வகுத்துத் தருகிறது நன்னூல்.

நல்ல சமாரியன் உவமையை எடுத்துக்கொள்வோம். கூற்று யாருடையது என்று வினவினால் இயேசு என்பது விடை. கேட்போர் யார் என்று வினவும்போதுதான் சுவை பிறக்கிறது. கேட்பவன் சட்டம் கற்ற ஒருவன். தனக்கு அயலான் யார் என்று வரம்பு கட்டிக்கொள்ள முயல்பவன். கதை முடிகையில் வினா திருப்பப்படுகிறது: அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலானாய் நடந்துகொண்டவன் யார்? உதவியவனோ, கேட்டவனின் சமூகம் இழிவாகக் கருதிய இனத்தவன். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் ஒரு சிற்றூரில், சேரியில் பிறந்த உபதேசியார் ஒருவர் இவ்வினாக்களைத் தாமே எழுப்பி இப்பகுதியைப் படிப்பாராயின் அது எத்தகைய வாசிப்பாக அமையும்! எழுதி அனுப்பப்பட்ட பிரசங்கத்தில், ஏழைக்கு இரங்குக என்னும் பொது அறமே எஞ்சும். முறை அறிந்து வாசிக்கும்போது, இரக்கம் பெறுபவன் நிலையிலிருந்து இரக்கம் காட்டும் மனிதனின் நிலைக்கு வாசிப்பவரே உயர்வதைக் காணலாம். இருவகைப் பயிற்சிகளுக்கும் இடையிலான வேறுபாடு இதுவே.

எந்த மொழியில் கற்பிப்பது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயிற்சிப்பள்ளிகள் பெருகின. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ், திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் கற்றவர். உபதேசியார்களைப் பயிற்றுவதைத் தம் பணியின் மையமாகக் கொண்டவர். 1842இல் சாயர்புரத்திற்கு வந்த ஜி.யு.போப் அங்கே ஒரு கல்விக்கூடத்தை உருவாக்கினார். அதே 1842இல் அமெரிக்க மதுரை மிஷன் திருமங்கலத்தில் தொடங்கிய பயிற்சிப்பள்ளி 1845இல் பசுமலைக்கு மாறியது.

இப்பள்ளிகளை அலைக்கழித்த சிக்கல் மொழியே. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷன் நிறுவிய செமினரி இதற்குத் தக்க சான்று. அங்கு ஆங்கிலமும் அறிவியலும் தமிழும் உயர்ந்த தரத்தில் கற்பிக்கப்பட்டன. சி.வை.தாமோதரம் பிள்ளை போன்ற பேரறிஞர் அங்கே பயின்றனர். ஆனால் ஆங்கிலம் கற்றோர் பலர் அரசுப் பணியை நாடிச் சென்றனர். சிற்றூர்களுக்குச் செல்வார் குறைந்தனர். 1854-55இல் அமெரிக்காவிலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் தலைமையிலான குழு, தாய்மொழிக் கல்வியே கிராமப் பணிக்கு ஏற்றது என்று முடிவு செய்தது. 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. பசுமலையிலும் ஆங்கிலம் விலக்கப்பட்டது.

இம்முடிவு தமிழுக்கு வெற்றியா? மேலோட்டமாக நோக்கின் அவ்வாறே தோன்றும். ஆனால் ஆங்கிலத்தை விலக்கியவர்கள், ஆங்கிலத்தில் இருந்த ஆராய்ச்சி நூல்களைத் தமிழில் தருவதற்கு ஈடான முயற்சி செய்தனரா என்று பார்க்க வேண்டும். நூல் வளம் இல்லாத தாய்மொழிக் கல்வி மாணவரைச் சிற்றூரில் நிறுத்தியது. ஆனால் மேலும் கற்கும் வாயிலை ஒடுக்கியது. ஆங்கிலம் அறிந்தவர் தலைமைக்கும் தமிழ் மட்டும் அறிந்தவர் சிற்றூருக்கும் என்னும் பாகுபாடு வளர இது இடந்தந்தது. தாய்மொழி என்பது மலிவான கல்விக்கு மாற்றுப்பெயர் ஆகிவிடக் கூடாது என்னும் பாடம் தமிழாசிரியர்களாகிய நமக்கும் உரியது.

செங்கற்பட்டுச் சீமையில்

நாம் வாழும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்குக் கிழக்கே வேப்பேரியில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மிஷன் பணி வேரூன்றியது. 1742இல் சென்னைக்கு வந்த பப்ரிஷியுஸ் இங்கேயே திருமறையை மீண்டும் மொழிபெயர்த்தார். 1761இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றி வந்த அச்சுப்பொறி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1779இல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி வெளிவந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், நம் வட்டாரத்துச் சிற்றூர்கள் சென்னையை எளிதில் எட்டின.

1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்திற்குப் பின்னர் இச்சீமையின் ஒடுக்கப்பட்ட மக்கள் பலர் மிஷன்களை நாடினர். திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் அவர்களுடைய நிலவுரிமைக்காகக் குரல் கொடுத்தனர். மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் எழுதிய குறிப்பின் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை பிறந்தது. இன்று ‘பஞ்சமி நிலம்’ எனப் பேசப்படும் செய்தியின் தோற்றுவாய் இதுவே.

இச்சூழலில் பணியாற்றிய கிராம உபதேசியார் பகலில் பள்ளி ஆசிரியர், இரவில் செபம் நடத்துபவர், ஞாயிறன்று பிரசங்கியார். மனு எழுதித் தருபவரும் அவரே. பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் வழக்கு நேர்ந்தால் உடன் செல்பவரும் அவரே. எழுத்து அவர் கையில் ஒரு கருவியாயிருந்தது. அவரிடம் கற்ற சிறுவன் திருமறையை வாசித்த அதே கண்ணால் பட்டாவையும் கடன் பத்திரத்தையும் வாசித்தான். வாசிப்புப் பயிற்சியின் பயனை வழிபாட்டுக் கூடத்திற்குள் மட்டும் அளந்தால் இவ்வுண்மை புலப்படாது.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றங்கள்

1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சபைப் பணியாளர் பயிற்சியின் குறைபாடுகள் அங்கு வெளிப்படையாகப் பேசப்பட்டன. அதன் தொடர்பில் சார்லஸ் ரான்சன் இந்தியக் குருமார் பயிற்சியை ஆராய்ந்து நூல் ஒன்றை வெளியிட்டார். இதற்கு முன்பே, திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயரான வே.ச.அசரியா, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் கிராம ஆசிரியர்களை அவர்தம் மனைவியரோடு சேர்த்துப் பயிற்றும் முறையைக் கையாண்டார்.

1969இல் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபைகளும் இணைந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை உருவாக்கின. தமிழ் வழியில் உயர் இறையியல் கற்பித்தது அதன் சிறப்பு. அங்கே பேராசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்னும் பெயரில் நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். எழுத்தறியா மக்களுக்கும் வாசிப்பு உண்டு, அது பாட்டும் கதையும் கூத்துமாக நிகழ்வது என்பதை அவர் பணி உணர்த்திற்று. 2005இல் அவர் மறைந்தார்.

கல்லூரிக்கு வர இயலாத ஏழைப் பணியாளரிடம் கல்வியே செல்ல வேண்டும் என்னும் எண்ணம் 1963இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் செயல்வடிவம் பெற்றது. பாடநூலை வீட்டில் படிப்பது, குறித்த நாளில் அருகிலுள்ள ஊரில் கூடி ஆசிரியருடன் உரையாடுவது என்பது அம்முறை. இந்தியாவில் இதற்கென 1971இல் பெங்களூரில் ஓர் அமைப்புத் தோன்றியது. ஆசிரியர் நிரப்புபவர், மாணவர் நிரப்பப்படும் கலம் என்னும் கல்விமுறையைப் பிரேசில் நாட்டுப் பாவ்லோ பிரெய்ரே கண்டித்து எழுதியதும் இக்காலத்தில்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டு, திருமறை வாசிப்பைப் பொதுநிலையினருக்கும் உரியதாக்கியது. திண்டிவனத்தில் அமைந்த நடுநிலையத்தின் முயற்சியுடன் 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மறுப்பு நூல்கள் எழுதிக்கொண்ட இரு மரபினர் ஒரே நூலை ஒருங்கே மொழிபெயர்த்தது தமிழ் வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

பெண்களின் வாசிப்பு

தரங்கம்பாடியில் 1707இலேயே பெண்களுக்குப் பள்ளி தொடங்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘வேதாகமப் பெண்கள்’ எனப்பட்ட பணியாளர் வீடு வீடாகச் சென்று வாசித்துக் காட்டினர். ஆண்கள் நுழைய இயலாத உள்வீடுகளுக்குள் அச்செழுத்து அவர்கள் வழியே சென்றது. ஆனால் அவர்கள் பெற்ற பயிற்சி குறைவு. ஊதியம் அதனினும் குறைவு. ஆரோன் பட்டம் பெற்ற 1733க்குப் பின் 243 ஆண்டுகள் கழிந்து, 1976இல்தான் தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் குருவானார். இராசநாயக்கனைத் தடுத்தது சாதி. வேதாகமப் பெண்ணைத் தடுத்தது பால். இருவரும் வாசிக்கத் தெரிந்தவர்களே.

நிறைவாக

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் மக்கள் இங்கே குடியேறினர். சிற்றூர்கள் நகர்களாயின. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. எனினும் பூவிருந்தவல்லிக்கும் திருவள்ளூருக்கும் அப்பால் உள்ள சிற்றூர்களில் சிறு சபைகளை நடத்துவோர் பலர் முறையான பயிற்சி பெற வாய்ப்பில்லாதவர்கள். வாரநாளில் கூலி வேலை, ஞாயிறன்று பிரசங்கம் என்பது அவர்கள் வாழ்வு. கைப்பேசியில் கிடைக்கும் பிறர் பிரசங்கத்தைக் கேட்டு அப்படியே சொல்வது எளிது. கிளிக்கு இன்று கருவிகள் பெருகிவிட்டன. ஆகவே, மூன்று நாள் முகாமாயினும் ஒரு பகுதியைத் தாமே படித்து வினவும் முறையைக் கற்பிப்பது முன்னினும் இன்றியமையாததாகிறது. அம்முறையைக் கற்பிப்போர் ஆங்கிலக் கையேட்டை மட்டும் மொழிபெயர்க்காமல், கூற்றும் கேட்போரும் களனும் காலமும் பயனும் என நம் இலக்கணம் தந்த வினாக்களையும் கையாளுவராயின் சிற்றூர் மாணவர் மனத்தில் அது எளிதில் பதியும்.

இலக்கிய ஆர்வலர் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. பழைய உபதேசியார் குடும்பங்களில் அவர்தம் பிரசங்கக் குறிப்பேடுகளும் நாட்குறிப்புகளும் பரண்களில் கிடக்கின்றன. செல்லரித்துப் போவன பல. பழைய தாளோடு எடைக்குப் போவன பல. கால்டுவெல்லின் கடிதங்களுக்கு இருக்கும் மதிப்பு இவற்றுக்கு இல்லை. ஆனால் ஓர் எளிய தமிழன் ஒரு நூலை எவ்வாறு வாசித்தான், எந்தச் சொல்லில் தயங்கினான், எந்த உவமையைத் தன் ஊர் வயலிலிருந்து எடுத்தான் என்பதை அறிய வேறு சான்று நமக்குக் கிடையாது. பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம், சமய வேறுபாடு கருதாது, இவ்வட்டாரத்துக் குறிப்பேடுகளைத் தேடித் தொகுத்துப் படியெடுத்துக் காக்கும் பணியை அடுத்த பத்தாண்டுத் திட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளுமாயின், தமிழ் உரைநடை வரலாற்றில் விடுபட்ட ஓர் இயல் எழுதப்படும்.